கோமுக் நடை: பாதைக்கு முழு மதிப்பெண், போஜ்பாஸாவுக்குப் பாதி

உத்தராகண்டின் கங்கோத்ரியிலிருந்து கோமுக் வரை 18 கி.மீ. நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து, பையைத் தாங்களே சுமந்து, இந்தியாவின் மிகப் பெரிய பனியாறுகளில் ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு இதைவிட எளிய வழி இமயத்தில் அதிகம் இல்லை. பர்மிட், பாதை, தங்குமிடம், சாப்பாடு, வழிகாட்டி என்று இந்தப் பயணத்தில் நாம் காசு கொடுத்துப் பெறும் ஒவ்வொன்றும் எப்படி இருக்கிறது என்பதுதான் இந்த விமர்சனம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: கோமுக்குக்கு முன் தங்கும் இடமான போஜ்பாஸாவில் இரண்டு இரவு தங்க நாள் இருந்தால் தாராளமாகப் போகலாம். ஒரே இரவில் முடித்துத் தருகிறோம் என்று விற்கப்படும் பேக்கேஜில் நடையே முழு நாளையும் தின்றுவிடும், பனியாற்றின் முன்னால் நிற்க அரைமணி நேரம்கூட மிஞ்சாது.

முதலில், பார்க்கப் போவது எது என்று தெரிந்துகொள்வது நல்லது. கங்கோத்ரி பனியாறு ஏறத்தாழ 30 கி.மீ. நீளம். சௌகம்பா சிகரங்களின் அடியில் தொடங்கி வடமேற்காக இறங்குகிறது. வழியில் ரக்தவர்ண், சதுரங்கி, கீர்த்தி போன்ற கிளைப் பனியாறுகளின் பக்கமிருந்தும் பனியும் நீரும் கற்குவியலும் வந்து சேர்கின்றன. கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் அது முடியும் இடம்தான் கோமுக். கங்கையின் தலையாறான பாகீரதி அங்கிருந்துதான் புறப்படுகிறது.

வெள்ளைவெளேரென்று ஒரு பனிவெளியை எதிர்பார்த்துப் போகிறவர்கள் அங்கே போய் முகம் சுளிக்கிறார்கள். பனியாற்றின் கீழ்ப்பகுதி முழுக்கக் கல்லும் மண்ணும் மூடிக் கிடக்கிறது. இருபுறத்து மலைகளிலிருந்தும் விழும் பாறைகளைப் பனி சுமந்துகொண்டே இறங்குகிறது. தாழ்வான உயரத்துக்கு வந்ததும் பனி உருகிப் போக, சுமை மட்டும் மேலே தங்கிவிடுகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் கல்குவாரிக் கழிவு கொட்டிய மேடு என்றே தோன்றும். அதன் முகப்பில்தான் உண்மை தெரியும். மேல்விளிம்பில் பழுப்பு மண், அதன் கீழே சாம்பல் கோடுகள் ஓடும் அழுக்குப் பனி, அண்மையில் உடைந்த இடத்தில் மட்டும் கண்ணாடி நீலம், அடியில் இருண்ட குகை, அதிலிருந்து கலங்கலாகச் சீறி வரும் ஆறு. வெயில் ஏற ஏற விளிம்பில் ஒட்டியிருக்கும் கற்கள் நழுவுகின்றன. முதலில் பொடிச்சரளை சரசரவென்று உதிரும். அடுத்த சில நொடிகளில் பெரிய கல் ஒன்று தண்ணீரில் விழும். அந்தச் சரசரப்பு கேட்கும் தூரத்தில் இருந்தால் நீங்கள் தேவைக்கு மேல் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

பர்மிட்டிலிருந்து தொடங்குவோம். கங்கோத்ரி தேசியப் பூங்கா 1989-இல் அமைக்கப்பட்டது. கோமுக் அதற்குள் இருப்பதால் வனத்துறை அனுமதி இல்லாமல் கன்கூ சோதனைச்சாவடியைத் தாண்ட முடியாது. ஒரு நாளைக்கு 150 பேருக்குத்தான் அனுமதி. மே, ஜூன் மாதங்களில் இந்த எண்ணிக்கை சீக்கிரம் நிரம்பிவிடும். ஆகவே தேதி முடிவானதும் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். ரயில் டிக்கெட்கூட அதற்குப் பிறகுதான். அடையாள அட்டையின் நகல் இரண்டு மூன்று வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் ஒருவரின் அட்டையில் பெயர் எழுத்து மாறியிருந்தாலும் சாவடியில் எல்லோரும் நிற்க வேண்டியிருக்கும். வழக்கமான பர்மிட் இரண்டு நாளுக்கானது. இரண்டு இரவு தங்கப் போகிறீர்கள் என்றால் மூன்று நாளுக்கு வேண்டும் என்று விண்ணப்பிக்கும்போதே கேட்டு வாங்குங்கள். போன பிறகு மேலே யாரும் நீட்டித்துத் தர மாட்டார்கள். இது தவிர, யாத்திரைக் காலத்தில் கங்கோத்ரிக்கு வரவே உத்தராகண்ட் அரசின் சார்தாம் (நான்கு தல யாத்திரை) பதிவு தேவை. அது வேறு, பூங்கா அனுமதி வேறு. ஒன்றை வைத்து மற்றதைச் சமாளிக்கலாம் என்று நினைத்து வருகிறவர்கள் நிறையப் பேர்.

150 என்ற வரம்பு நமக்குத் தொல்லைதான். ஆனாலும் அது இருக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து. போஜ்பாஸாவின் படுக்கை, கழிவறை, குடிநீர் எதுவும் அதற்கு மேல் ஓர் ஆளைத் தாங்காது.

ரிஷிகேஷிலிருந்தோ டேராடூனிலிருந்தோ உத்தர்காசிக்கு ஒரு பகல் பயணம். அங்கிருந்து கங்கோத்ரி சுமார் 100 கி.மீ. ஷேர் ஜீப்புகள் காலையில்தான் அதிகம் கிளம்பும், மதியத்துக்கு மேல் ஆள் சேரும்வரை காத்திருக்க வேண்டும். தூரத்தை விட உயரம்தான் இங்கே கவனிக்க வேண்டியது. ரிஷிகேஷ் 400 மீட்டருக்கும் கீழே, உத்தர்காசி சுமார் 1,150, கங்கோத்ரி சுமார் 3,100, போஜ்பாஸா சுமார் 3,800. கடலோர ஊரிலிருந்து வருகிறவர் மூன்றே நாளில் 3,800 மீட்டரில் படுத்தால் தலைவலியும் குமட்டலும் வருவதில் வியப்பில்லை. 3,000 மீட்டருக்கு மேல் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மிகாமல் படுக்கும் உயரத்தைக் கூட்டுவது என்பது மலையேறுபவர்களின் பொது விதி. கங்கோத்ரியிலிருந்து ஒரே மூச்சில் போஜ்பாஸா போனால் அந்த விதி உடைகிறது. அதனால் கங்கோத்ரியில் கட்டாயம் இரண்டு இரவு. நடுவில் உள்ள பகலில் பாண்டவர் குகைப் பக்கம் காலாற நடந்து வரலாம். கூடாரம் உள்ள குழுவுக்கு இன்னொரு வழி இருக்கிறது: முதல் இரவை வழியில் 3,600 மீட்டரில் உள்ள சீர்பாஸாவில் கழித்துவிட்டு, மறுநாள் மெதுவாக மேலே போவது. உயரத்தால் வரும் உபாதையைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை வேண்டுமா என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள், சல்ஃபா ஒவ்வாமை இருப்பவர்கள் முக்கியமாக. மாத்திரை போட்டாலும் தலைவலியோடு தள்ளாட்டமோ, படுத்திருக்கும்போதே மூச்சுத் திணறலோ வந்தால் ராத்திரி என்று பார்க்காமல் கீழே இறங்க வேண்டும். அப்போது நோயாளியோடு ஒருவர் இறங்கினால் போதாது, இரண்டு பேர் வேண்டும். குழு நான்கு பேருக்குக் குறையாமல் இருப்பது நல்லது என்று சொல்வது இதற்காகத்தான்.

பாதைக்கு முழு மதிப்பெண் கொடுத்தது ஏன் என்று பார்ப்போம். கங்கோத்ரி கோயிலை ஒட்டிய படிகளில் ஏறி, 2 கி.மீ.-இல் கன்கூ சாவடி. அங்கே பையைத் திறந்து பார்ப்பார்கள். மேலே கொண்டுபோகும் பிளாஸ்டிக் எல்லாம் திரும்பக் கீழே வர வேண்டும். பிறகு பாகீரதியை வலக்கைப் பக்கமாக வைத்துக்கொண்டு சீரான ஏற்றம். வழி தவறவே இடமில்லை. 9-ஆவது கி.மீ.-இல் சீர்பாஸா, பெயருக்கேற்ப ஊசியிலை மரங்கள் நிற்கும் கடைசி நிழல். 14-இல் போஜ்பாஸா. போஜ் எனப்படும் பூர்ஜமரம் அடர்ந்திருந்த இடம் என்பதால் அந்தப் பெயர், விறகுக்கு வெட்டி வெட்டி இப்போது மரம் குறைந்துவிட்டது. சீர்பாஸா தாண்டியதும் மூன்று பாகீரதி சிகரங்களும் பள்ளத்தாக்கின் கோடியை அடைத்துக்கொண்டு எழும். சரிவுகளில் பரல் என்ற நீல ஆடுகள் மேயும், கல் உருளும் சத்தம் கேட்டால் சில சமயம் அவைதான் காரணம். 10 கிலோ பையோடு 6 முதல் 8 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபத்து இரண்டே இடத்தில்தான், இரண்டுமே கடிகாரத்தோடு சம்பந்தப்பட்டவை. சீர்பாஸாவுக்கும் போஜ்பாஸாவுக்கும் நடுவே பாதை ஒரு மண்சரிவை வெட்டிப் போகிறது. இரவில் மண்ணிலுள்ள ஈரம் உறைந்து கற்களைப் பிடித்து வைத்திருக்கும். வெயில் பட்டு உறைவு விடும்போது கற்கள் ஒவ்வொன்றாக உருளத் தொடங்கும், மழையில் கேட்கவே வேண்டாம். அந்தப் பகுதியில் ஒருவர் பின் ஒருவராக 10 மீட்டர் இடைவெளி விட்டு, நிற்காமல், காதில் இயர்போன் இல்லாமல், மேல்சரிவைப் பார்த்தபடி கடக்க வேண்டும். படம் எடுக்க நிற்பது அங்கே வேண்டாம். அடுத்தது பக்க ஓடைகள். மேலே பனி உருகி வரும் நீர் பிற்பகலில்தான் உச்சத்துக்கு வரும். காலை 10 மணிக்குக் கணுக்கால் அளவு இருந்த ஓடை 4 மணிக்கு முழங்காலைத் தாண்டலாம். இந்த ஓடைகளின் மேல் உள்ள மரப்பாலங்கள் ஆண்டுதோறும் புதிதாகப் போடப்படுபவை. 2024 ஜூலையில் சீர்பாஸா அருகே தற்காலிகப் பாலம் வெள்ளத்தில் போய் யாத்ரீகர்கள் மறுகரையில் சிக்கினார்கள். காலை 6 மணிக்கே கங்கோத்ரியை விட்டுக் கிளம்பினால் இந்த இரண்டு சிக்கலும் பாதியாகக் குறையும். 9 மணிக்குப் பூரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும் குழுக்கள்தான் மாலையில் ஓடைக்கரையில் நின்று யோசிக்கின்றன.

இனி போஜ்பாஸா. கர்வால் மண்டல வளர்ச்சிக் கழகத்தின் விடுதி ஒன்றும், லால் பாபா ஆசிரமமும் இங்கே உண்டு. இரண்டிலும் கிடைப்பது வரிசையாகப் போட்ட படுக்கை, கனத்த ரஜாய் (பஞ்சுப் போர்வை), நேரத்துக்குச் சூடான சாப்பாடு. இந்த உயரத்தில் அது சிறிய விஷயம் இல்லை. காய்ந்த குளிரில் எட்டு மணி நேரம் நடந்து வந்தவருக்கு ஆவி பறக்கும் பருப்புத் தண்ணீர் ஒரு கிண்ணம் கிடைப்பதற்கே ஒரு மதிப்பெண் தனியாகப் போடலாம். மீதி எல்லாம் குறைதான். ரஜாய் எத்தனை பேர் போர்த்தியது என்று தெரியாது, ஆகவே மெல்லிய பருத்தி உறை ஒன்றைத் தைத்து எடுத்துப்போய் அதற்குள் படுங்கள். கழிவறைக் குழாயில் காலையில் தண்ணீர் உறைந்திருக்கலாம். மின்சாரம் சூரியத் தகட்டை நம்பி இருப்பதால் போன் சார்ஜ் செய்ய முடியும் என்று எண்ணாதீர்கள். பவர்பேங்கை இரவில் படுக்கைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும், குளிரில் பேட்டரி வேகமாக இறங்கும். கங்கோத்ரி தாண்டியதும் போன் சிக்னலை மறந்துவிடுங்கள், வீட்டுக்குச் சொல்ல வேண்டியதைக் கீழேயே சொல்லிவிட்டு ஏறுங்கள். விடுதிப் படுக்கையை முன்பதிவு செய்யாமல் மே, ஜூனில் போவது சரியில்லை. ஆசிரமத்தில் இடம் கொடுப்பார்கள் என்ற நம்பிக்கையில் எல்லோரும் வந்தால் அவர்களும் என்ன செய்வார்கள்?

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 3,800 மீட்டரில் தண்ணீர் சுமார் 87 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதனால் குக்கர் இல்லாமல் அரிசியும் பருப்பும் வேக நெடுநேரம் ஆகும். சொந்தமாகச் சமைக்கும் குழு பச்சரிசி மூட்டையைச் சுமக்க வேண்டாம். அவல், ரவை உப்புமா மிக்ஸ், சேமியா, சத்துமாவு இவைதான் இங்கே எரிவாயுவை மிச்சப்படுத்தும். புளியோதரைப் பொடியும் ஊறுகாயும் பசி மந்தித்த நாளில் கைகொடுக்கும், ஏனென்றால் உயரத்தில் முதலில் போவது பசிதான். நாள் ஒன்றுக்கு ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். அதை ஆற்றிலிருந்து எடுக்காதீர்கள். பனியாறு பாறையை அரைத்து மாவாக்கிக் கொண்டுவருவதால் பாகீரதி அங்கே சாம்பல் நிறத்தில் ஓடுகிறது. அந்த மாவு ஃபில்டரை ஓரிரு முறையிலேயே அடைத்துவிடும். பக்கத்து ஓடைகளில் தெளிந்த நீரைப் பிடித்து, துணியில் வடித்து, கொதிக்கவைத்துக் குடியுங்கள். வேறு வழியில்லாமல் ஆற்று நீர்தான் என்றால் இரவு முழுக்கப் பாத்திரத்தில் தெளியவிட்டு மேல்நீரை மட்டும் எடுக்கலாம்.

போஜ்பாஸாவிலிருந்து கோமுக் 4 கி.மீ., ஏறக்குறைய 2 மணி நேரம். விடியற்காலையில் கிளம்புங்கள். கடைசிப் பகுதி முழுக்கப் பாறைக்குவியல். பாதை மங்கிவிடும், கல் மேல் கல் அடுக்கிய குறிகளைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். முகப்புக்குச் சில நூறு மீட்டர் முன்பே நின்றுவிட வேண்டும். விதி இருக்கிறது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 2016 ஜூலையில் முகப்பின் பெரும்பகுதி உடைந்து விழுந்தபோது அதன் பனித்துண்டுகள் 18 கி.மீ. கீழே கங்கோத்ரி வரை மிதந்து வந்தன. 1935-இல் நில ஆய்வாளர் ஆடன் இந்த முகப்பை வரைபடமாக்கினார். அன்றிலிருந்து 1996-க்குள் அது 1 கி.மீ.-க்கு மேல் பின்வாங்கிவிட்டது. இன்று நீங்கள் நிற்கும் பாறைக்குவியல் அன்று பனிக்கு அடியில் இருந்த இடம். தீர்த்தம் எடுக்க வேண்டும், முழுக வேண்டும் என்று குகைவாய்க்கே போகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. ராமேஸ்வரத்துக்குக் கொண்டுபோகும் கங்கை நீரைக் கங்கோத்ரி படித்துறையிலேயே எடுத்துக்கொள்ளலாம். காலங்காலமாக யாத்ரீகர்கள் எடுப்பதும் அங்கேதான்.

இரண்டாம் இரவு ஏன் என்பதற்குக் காரணம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. காலை 8 மணிக்கு முகப்பு நிழலில் இருக்கும், எல்லாம் சாம்பல். சூரியன் சிகரங்களைத் தாண்டி மேலேறியதும் நீலம் தெரியத் தொடங்கும், 6,543 மீட்டர் சிவலிங்கச் சிகரம் முகில் விலகினால் முழுதாக எழும். ஒரே இரவு தங்கும் குழு அந்த நேரத்தில் கடிகாரத்தைப் பார்த்துத் திரும்ப ஆரம்பித்துவிடும். போஜ்பாஸாவிலிருந்து கோமுக் போய், அப்படியே கங்கோத்ரி இறங்கினால் அன்றைய நடை 22 கி.மீ., அதுவும் கல் உருளும் பிற்பகலில் சரிவைக் கடந்து. இரண்டாம் இரவு இருந்தால் பாதுகாப்பான ஒரு மேட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, மதிய உணவுக்குப் போஜ்பாஸா திரும்பலாம்.

தபோவனம் தனிக்கணக்கு. 4,460 மீட்டரில், சிவலிங்கச் சிகரத்தின் காலடியில் பரந்த புல்வெளி. மிக அழகான இடம், ஆனால் அங்கே போக முன்பிருந்த வழி இப்போது இல்லை. பனியாற்றின் மேல் குறுக்கே நடந்து போகும் பழைய தடம் முகப்பு உடைந்தபின் குலைந்துவிட்டது. மேலே கல், அடியில் பனி, நடுவில் எங்கே வெடிப்பு என்று கண்ணால் சொல்ல முடியாது. இப்போது பல குழுக்கள் போஜ்பாஸாவில் கையால் இழுக்கும் டிராலியில் ஆற்றைக் கடந்து எதிர்க்கரை வழியாக ஏறுகின்றன. கடைசி ஏற்றம் செங்குத்தான சரளை. பதிவு பெற்ற வழிகாட்டியும் அதற்கான தனி அனுமதியும் இல்லாமல் முயலவே கூடாது. முதல் முறை வரும் நண்பர் குழுவுக்கு நாங்கள் இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

கோமுக் வரை வழி காட்ட ஆள் தேவையில்லை, ஆனால் நான்கு பேருக்கு ஒரு சுமையாள் வைத்துக்கொள்வது நல்ல செலவு. கங்கோத்ரியிலும் உத்தர்காசியிலும் கிடைப்பார்கள், பலர் நேபாளத்தைச் சேர்ந்தவர்கள். கூலி நாள் கணக்கா மொத்தமா, திரும்பும் நாளும் சேர்த்தா, அவர் சாப்பாடும் படுக்கையும் யார் பொறுப்பு என்பதை நால்வர் முன்னிலையில் பேசி முடித்துவிட்டே கிளம்புங்கள். சுமை 20 கிலோவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை.

கருவிகளில் அதிகம் வீணாவது கிராம்பான், அதாவது பனியில் வழுக்காமலிருக்க ஷூவின் அடியில் மாட்டும் முள்சட்டம். கோடையில் கோமுக் வரை அதற்கு வேலையே இல்லை. வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் அந்தக் காசில் நல்ல ட்ரெக்கிங் ஊன்றுகோல் இரண்டு எடுங்கள், இறங்கும்போது முழங்கால் வாழ்த்தும். கணுக்காலை மூடும் ஷூ ஊரிலேயே பல வாரம் போட்டுப் பழகியதாக இருக்க வேண்டும். ஃப்ளீஸ், காற்றுத் தடுக்கும் மேலங்கி, கையுறை, காதை மூடும் குல்லாய், கறுப்புக் கண்ணாடி, சன்ஸ்கிரீன், ஆளுக்கொரு ஹெட்லைட். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்று சுழற்றி அடிக்கும். வெயிலைப் பார்த்து மேலங்கியைப் பையின் அடியில் போட்டால் அப்போது தேடிக்கொண்டிருக்க வேண்டும். நான்கு பேருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, ஒரு அடுப்பு, ஒரு நீர்வடிப்பான் போதும். இதைப் பிரித்து எழுதிக்கொள்ளாத குழுவில் நான்கு பற்பசையும் பூஜ்யம் தீப்பெட்டியும் இருக்கும்.

போக நல்ல காலம் மே கடைசியிலிருந்து ஜூன் மூன்றாம் வாரம் வரை, பிறகு செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை. எங்கள் ஓட்டு செப்டம்பருக்கு. மழை கழுவிய வானம், கூட்டம் குறைவு, ஓடைகளும் அடங்கியிருக்கும். அக்டோபரில் இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும், அதற்கேற்ற ஸ்லீப்பிங் பேக் வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். 2025 ஆகஸ்ட் 5 அன்று ஹர்சிலுக்கும் கங்கோத்ரிக்கும் நடுவே உள்ள தராலி ஊரை மேலிருந்து வந்த சேற்றுவெள்ளம் புதைத்துவிட்டது. கங்கோத்ரிக்குப் போகும் ஒரே சாலை அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. நல்ல பருவத்திலும் இந்தச் சாலை சரிவினால் ஒரு பகல் அடைபடுவது வாடிக்கை. அதனால் கங்கோத்ரியிலிருந்து இறங்கும் நாளுக்கும் டெல்லியில் ரயிலோ விமானமோ பிடிக்கும் நாளுக்கும் நடுவே முழுதாக இரண்டு நாள் விடுங்கள். சாலை திறந்தே இருந்தால் அந்த இரண்டு நாளை ஹர்சிலில் கழிக்கலாம், அங்கே செப்டம்பர் கடைசியில் ஆப்பிள் பறிக்கும் பருவம்.